ஊற்றுக்கு மேலே வளர்ந்த காடு

எங்கள் கேம்ப்புக்கு மேலே ஒரு ஊற்று இருந்தது. அப்பா நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தார், எமரால்டுக்குப் பக்கத்தில் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. குழாயில் தண்ணீர் வரும், ஆனாலும் குடிக்க ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக இருப்பார், அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவது என் வேலை. பாறை இடுக்கில் யாரோ ஒரு தகரத்தை வளைத்துச் செருகி வைத்திருந்தார்கள். அதன் நுனியிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் விழும். ஏப்ரல் மாதத்திலும் விழும். குடம் நிறைவதற்குள் கை விறைத்துப் போகும், அவ்வளவு குளிர்ச்சி.

இந்தப் பிப்ரவரியில் போய்ப் பார்த்தேன். தகரம் அங்கேயேதான் இருக்கிறது, துருப்பிடித்து. அதன் குழிவில் கற்பூர இலைகள் இரண்டு மூன்று காய்ந்து ஒட்டிக் கிடந்தன. இடுக்கில் விரலை விட்டு நோண்டினேன், மண் பொடியாக உதிர்ந்தது. ஈரம் என்பதே இல்லை.

நான் தண்ணீர் எடுத்தது 1980களில். அப்போது அந்தச் சரிவில் பாதி புல், பாதி இளங்கற்பூரம். இப்போது கீழிருந்து மேல் வரை கற்பூரமும் சீகையும்தான். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், யூகலிப்டஸை எங்கள் ஊரில் கற்பூர மரம் என்போம், வாட்டில் மரத்தைச் சீகை என்போம். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் விறகுக்காகக் கொண்டு வந்து இறக்கியவை. ஊற்றுக்குப் பக்கத்தில் காரட் போட்டிருந்த பெரியவர் ஒருவர், படுகர், நான் விரலை விட்டு நோண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மரம் மேல போகப் போக ஊத்து உள்ள போயிருச்சு தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வெயிலும் இப்ப வேற மாதிரி அடிக்குது" என்றும் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் நான் ஒரு மாதமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். மரமும் வெயிலும். ஊற்று வற்றியதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீழே காரட் தோட்டத்துக்கு மோட்டார் ஓடுகிறது, புது வீடுகள் வந்திருக்கின்றன, அதெல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் காடு வளர்வதும் காடு தண்ணீரை இழப்பதும் இரண்டு வெவ்வேறு விஷயம் என்று நினைத்துக்கொண்டே நாம் மரம் நடுவது, காட்டைப் பற்றிப் பேசுவது எல்லாம் செய்கிறோம். அது இரண்டும் ஒரே வாய் வழியாக நடக்கிற ஒரே காரியம். அதை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கரியமில வாயு உள்ளே போவது அந்தத் துளை வழியாகத்தான், அது போனால்தான் மரம் சாப்பாடு தயாரிக்க முடியும், தண்டு பருக்க முடியும். ஆனால் துளையைத் திறந்த உடனே உள்ளே இருக்கிற ஈரம் வெளியே ஓடுகிறது. இலைக்குள் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும், வெளிக்காற்று பெரும்பாலும் அதைவிட உலர்ந்திருக்கும், அதனால் கரியமில வாயு ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் தண்ணீர் மூலக்கூறு சில நூறு வெளியே போய்விடும். வேர் உறிஞ்சுகிற தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகத்தான் போகிறது. ஒரு கிலோ காய்ந்த கட்டை உருவாக நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் செலவு. வேகமாக வளரும் மரம் என்று ஒரு மரத்தைப் புகழ்கிறோம் அல்லவா, வேகமாகத் தண்ணீர் செலவழிக்கும் மரம் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஒரு சின்ன சோதனை செய்தேன். துணிக்கடையில் சட்டையோடு வந்த பாலிதீன் உறைகள் வீட்டில் கிடந்தன, மூன்றை எடுத்துப் போயிருந்தேன். (நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, அதனால் எண்ணி எடுத்துப் போய் எண்ணித் திரும்பக் கொண்டு வந்தேன்.) காலை 10 மணிக்குக் கற்பூர மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றில், முப்பது இலை இருக்கும், ஒரு உறையை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டினேன். பள்ளத்தில் மிஞ்சியிருக்கிற சிறு சோலையில் (மலைப் பள்ளங்களில் தானாக வளர்ந்து நிற்கிற பழங்காட்டைச் சோலை என்போம்) ஒரு நாவல் வகை மரத்தின் கிளையில் இன்னொன்று. மூன்றாவதை, மேலே ஒரு துண்டு புல்வெளி இன்னும் இருக்கிறது, அங்கே ஒரு புல் கொத்தின் மேல் கவிழ்த்துக் கட்டினேன். மதியம் 2 மணிக்குப் போய்ப் பார்த்தால் கற்பூரக் கிளையின் உறை கனத்துத் தொங்குகிறது. மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கரண்டியால் அளந்தேன், இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. சோலை மரத்து உறையில் முத்து முத்தாகத் துளிகள், எல்லாவற்றையும் வழித்தும் அரைக் கரண்டி தேறவில்லை. புல்லின் மேல் போட்ட உறையில் லேசான மூட்டம், அவ்வளவுதான். பிப்ரவரியில் புல் பழுப்பேறிக் கிடக்கும், டிசம்பர் ஜனவரி உறைபனியில் மேல்பகுதி கருகியிருக்கும், அது அப்போது பெரிதாகத் தண்ணீர் செலவழிப்பதில்லை. இது ஆய்வு ஒன்றும் இல்லை, கிளைகளின் அளவு வேறு, வெயில் பட்ட நேரம் வேறு. ஆனால் முப்பது இலையிலிருந்து நான்கு மணி நேரத்தில் ஊறிய தண்ணீரைக் கரண்டியில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அந்தச் சரிவைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆய்வாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் கிளன்மார்கனில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் புல்வெளியும் சோலையும் இருந்தன. இரண்டிலிருந்தும் ஓடி வரும் தண்ணீரை முதலில் சில ஆண்டுகள் அளந்து வைத்துக்கொண்டு, 1972ல் ஒன்றில் மட்டும் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் கற்பூரம் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். பத்தாண்டு கழித்து மரத்தை வெட்டி, வெட்டிய அடியிலிருந்து துளிர்க்க விட்டு, இன்னொரு பத்தாண்டு அளந்தார்கள். எவ்வளவு பொறுமை பாருங்கள். முதல் பத்தாண்டில் ஓடைக்கு வரும் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. இரண்டாவது பத்தாண்டில் 25 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, ஏனென்றால் துளிர்த்த மரத்துக்கு வேர் ஏற்கெனவே ஆழத்தில் தயாராக இருக்கிறது, அது குழந்தையாகத் தொடங்க வேண்டியதில்லை.

கிளன்மார்கன் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தால்தான் இந்த எண்ணின் கனம் தெரியும். அது பைக்காரா, 1930களிலிருந்து மின்சாரம் கொடுக்கிற ஆறு. கீழே இறங்கி மாயாறாகி, பவானிசாகரில் போய் விழுகிறது. அங்கிருந்து ஈரோட்டு மஞ்சள் வயலுக்குப் போகிறது. மலையில் ஒரு சரிவில் என்ன நிற்கிறது, புல்லா, சோலையா, கற்பூரமா என்பது கோபிசெட்டிபாளையத்து வாய்க்காலில் தெரிகிற விஷயம்.

சரி, இதுவரை சொன்னது மரத்தின் கதை. பெரியவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன்.

2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி வெயில் பதிவானது. 1951க்குப் பிறகு அதுதான் உச்சம் என்று செய்தி வந்தது. 40 டிகிரி பார்க்கிற வேலூர்க்காரருக்கு 29 என்பது குளுகுளு. ஆனால் இந்த மரங்களுக்கு அது என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்று சூடாகச் சூடாக அது பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய ஈரத்தின் அளவு கூடும், டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் வீதம். ஊட்டியில் ஏப்ரல் பகலில் வழக்கமாக 24 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம், அன்றைக்குக் காற்றில் ஈரம் 60 சதவீதம். அதாவது இன்னும் 40 பங்கு இடம் காலி. இப்போது அதே காற்று, அதே ஈரம், வெப்பம் மட்டும் 29 ஆகிறது. காலி இடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். வெயில் கூடியது ஐந்து டிகிரி, காற்றின் தாகம் கூடியது இரண்டு மடங்கு. அந்தத் தாகம் இலையைத்தான் உறிஞ்சும், இலை மண்ணை உறிஞ்சும்.

அந்த நேரத்தில் மரத்துக்கு முன்னால் இரண்டு வழிதான். துளையைத் திறந்து வைத்தால் தண்ணீர் போகும், அளவுக்கு மீறிப் போனால் தண்டுக்குள் தண்ணீர் ஏறுகிற குழாய்களில் காற்றுக் குமிழி புகுந்து அடைத்துக்கொள்ளும், கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். துளையை மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயு வராது, அன்றைய சாப்பாடு இல்லை. அப்புறம் இரவு. இரவிலும் மரம் மூச்சு விடுகிறது, பகலில் சேர்த்ததை எரிக்கிறது, இரவு சூடாக இருந்தால் கூடுதலாக எரிக்கும். பகலில் வருமானம் குறைந்து இரவில் செலவு கூடிய குடும்பம் மாதிரி. காடு பார்க்கப் பச்சையாகவே இருக்கும், வளர்ச்சி மட்டும் நின்றிருக்கும்.

காற்றின் இந்தத் தாகம் 1990களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்கவே கூடிவருகிறது, அதனால் பல இடங்களில் தாவர வளர்ச்சி தடைப்படுகிறது என்று 2019ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பேச்சு வாக்கில் இதை என் கல்லூரி நண்பனிடம் சொன்னபோது அவன் ஒரு கேள்வி கேட்டான், நல்ல கேள்விதான். "கரியமில வாயு கூடிக்கிட்டே போகுதுன்னு நீதானே சொல்ற. அது மரத்துக்குச் சாப்பாடு. சாப்பாடு கூடினா மரம் நல்லாதானே வளரணும்? துளையைக் கொஞ்சமாத் திறந்தாலே போதுமே, தண்ணியும் மிச்சம்தானே?"

பாதி சரி. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது, மரங்களும் அதற்கேற்பத் துளையைக் குறைத்துத் திறக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கிடைக்கிற கரியின் (கார்பனின்) அளவு கூடியிருக்கிறது. பொலிவியா, கேமரூன், தாய்லாந்து என்று மூன்று நாட்டு வெப்பமண்டலக் காடுகளில் மரத்தின் வளையங்களை வெட்டிப் பார்த்து 150 ஆண்டுக் கணக்கை எடுத்தார்கள், 2015ல் வெளிவந்த ஆய்வு. தண்ணீர்ச் சிக்கனம் தெளிவாகக் கூடியிருந்தது. ஆனால் வளையம் தடிக்கவில்லை. மரம் வேகமாக வளர்ந்ததற்கான தடயமே இல்லை.

இதைவிட எனக்கு மனதில் தங்கிய ஒன்று, சிட்னிக்குப் பக்கத்தில் நடந்த சோதனை. முற்றிய யூகலிப்டஸ் காட்டின் நடுவே, மரங்களைச் சுற்றி வட்டமாகக் குழாய்க் கோபுரங்களை நட்டு, கூடுதல் கரியமில வாயுவைக் காட்டுக்குள் விட்டார்கள். அங்கே நின்ற மரம், நம் சமவெளியில் தைல மரம் என்று ஏக்கர் ஏக்கராக நட்டிருக்கிறோமே, அதன் மூல இனமேதான். மரங்கள் 12 சதவீதம் அதிகமாகக் கரியை உள்ளே இழுத்தன. நண்பன் சொன்னது அதுவரைக்கும் பலித்தது. ஆனால் தண்டு பருக்கவில்லை. அந்த மண்ணில் பாஸ்பரஸ் குறைவு, கரி மட்டும் வைத்து மரம் கட்டை செய்ய முடியாது, இழுத்த கரி மண் வழியாகவும் மூச்சு வழியாகவும் மறுபடி காற்றுக்கே திரும்பிப் போய்விட்டது. சோறு மட்டும் வண்டி வண்டியாக வந்து இறங்கி, குழம்புக்குப் புளியும் உப்பும் இல்லாத வீடு அது.

தண்ணீர் மிச்சம் என்கிற பாதிக்கும் ஒரு பதில் உண்டு. ஒவ்வொரு இலையும் கொஞ்சம் சிக்கனமாக இருந்தாலும், இலைகளின் எண்ணிக்கை கூடினால், காற்றின் தாகமும் கூடினால், மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் இந்தியா பச்சையாகிறது என்று 2019ல் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகிறது. அந்த ஆய்வையே படித்தால், இந்தியாவில் கூடிய பச்சையில் 82 சதவீதம் வயல்கள், காடு வெறும் 4.4 சதவீதம் என்று இருக்கிறது. நிலத்தடி நீரை இறைத்து வளர்க்கிற பச்சை. அதைக் காட்டிக் காடு நலமாக இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கே திரும்பி வருகிறேன். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் முதுமலை. மேலே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத காடு, தேக்கும் மருதும் வெக்காலியும் கோடையில் இலை உதிர்த்து நிற்கும். அங்கே 1988ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் சுகுமார் 50 ஹெக்டேர் இடத்தை அளந்து, அதில் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்து, எது வளர்கிறது, எது சாகிறது என்று தொடர்ந்து கணக்கெடுக்க வைத்தார். 2000 முதல் 2003 வரை கடும் வறட்சி. எந்த மரங்கள் அதிகமாகச் செத்தன என்று பின்னால் பார்த்தபோது, யாரையும் கேட்டால் சொல்லக்கூடிய பதிலுக்கு நேர் மாறாக இருந்தது. ஆழமாக வேர்விட்ட இனங்கள்தான் அதிகம் அடி வாங்கின.

இது ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மண்ணின் மேல்பகுதி ஒவ்வொரு மழைக்கும் நனைந்து ஒவ்வொரு வெயிலுக்கும் காயும், அதை நம்பியிருக்கிற மரம் அரை வயிற்றுக்குப் பழகியது. ஆழத்தில் இருக்கிற தண்ணீர் பாட்டி வீட்டுக் குதிரின் அடியில் கிடக்கிற நெல் மாதிரி. சாதாரண ஆண்டில் எல்லோரும் மேலே தடுமாறும்போது ஆழ வேர்க்காரன் அடியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டு நிம்மதியாக இருப்பான். ஆனால் அந்த அடி நெல் ஒரு மழையில் நிறைவதில்லை, நல்ல மழை ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால்தான் தண்ணீர் அவ்வளவு ஆழம் இறங்கும். மூன்று ஆண்டு சேர்ந்தாற்போல் மழை பொய்த்தால் குதிர் காலி, திரும்ப நிறையப் பல ஆண்டு. மேல் மண்ணில் ஒரு கோடை மழை பெய்தாலும் அரை வயிற்றுக்காரன் பிழைத்துக்கொள்கிறான். வறட்சிகள் அடுத்தடுத்து நெருங்கி வந்தால் குதிர் நிறையவே நேரம் இருக்காது என்பதுதான் இதில் என்னைத் தூங்க விடாத பகுதி. அப்பா காலத்து மரங்கள் அவை, நேற்று முளைத்தவை இல்லை.

அதே நேரம் மழை நின்றுவிடவில்லை. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல். அந்த வாரம் எங்கள் கேம்ப்புக்குப் போகிற சாலையெல்லாம் மண் சரிந்து கிடந்தது. அப்பா அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார், அணை வேலையில் இருந்தபோது தினமும் காலை 8 மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதிப் பழகிய மனிதர், 82 என்று டிவியில் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "இது மண்ணுக்குள்ள இறங்குற மழை இல்ல" என்றார். அதுதான் விஷயம். நாற்பது நாள் சாரலாகப் பெய்ய வேண்டியது நாலு நாளில் கொட்டினால் அணை நிறையும், மதகு திறப்பார்கள், செய்தியில் படம் வரும். ஊற்றுக்கு எதுவும் போய்ச் சேராது. ஆண்டு மொத்தத்தைப் பார்த்து மழை நன்றாக இருக்கிறது என்று சொல்கிற கணக்கு காட்டுக்கு உதவாது.

இன்னொன்று, இது மலையில் பிறந்தவர்களுக்கு உடனே புரியும். பனி. டிசம்பரில் விடியற்காலை வாசலைத் திறந்தால் புல்வெளி வெள்ளை வெளேரென்று உப்புத் தூவினாற்போல் கிடக்கும், காலில் செருப்பு இல்லாமல் நடந்தால் மொரமொரவென்று சத்தம் கேட்கும், வெயில் ஏறியதும் புகைந்துகொண்டு மறையும். அந்தப் பனிதான் இத்தனை ஆயிரம் ஆண்டாகப் புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருக்கிற காவல்காரன். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் திறந்தவெளியின் உறைபனி இரவுகள் அதைக் கருக்கிவிடும். அதனால் பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்று இரண்டும் தத்தம் இடத்தில் நின்றன. நீலகிரிப் புல்வெளிகளில் நாற்றுகளை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020ல் வந்தது. சோலை நாற்றுகளைக் கொல்கிற பனியைச் சீகை நாற்றுகள் அவற்றைவிட நன்றாகத் தாங்குகின்றன, வெப்பம் கூடினால் சீகைக்கு இன்னும் வசதி என்று அதில் வந்திருக்கிறது. பனி இரவுகள் குறைகிற ஒவ்வொரு குளிர்காலமும் சீகை மேலே ஒரு படி ஏறுகிறது என்று அர்த்தம். யாரும் நட வேண்டாம். தானாகவே ஏறும். ஏறிய இடத்தில் பிப்ரவரியில் சும்மா கிடந்த புல்லுக்குப் பதில், பிப்ரவரியிலும் இலையோடு நின்று தண்ணீரைச் செலவழிக்கிற மரம் வந்துவிடும். மரமும் வெயிலும் என்று பெரியவர் தனித்தனியாகச் சொன்னது இங்கே ஒன்றாகிவிடுகிறது.

பழனி மலையில் என்ன நடந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1973 முதல் 2014க்குள் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. போன இடத்தில் பெரும்பாலும் இந்த அயல் மரங்கள், மிச்சம் விவசாயம். கொடைக்கானல் போகிறவர்கள் பைன் காட்டுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், எவ்வளவு பசுமை என்று எழுதுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. புல் என்றால் தரிசு, மரம் என்றால் காடு என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் பதிந்திருக்கிறது.

ஆகவே என்ன செய்யலாம் என்று கேட்டால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மலைப் புல்வெளியில் மரக்கன்று நடக்கூடாது. எந்தக் கன்றும். நாட்டு மரம், சோலை மரம் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் கூடாது. ஒரு பள்ளிக்கூடத்து நிகழ்ச்சியில் இதைச் சொன்னபோது, மரம் நடுவதை எதிர்ப்பவனை ஏன் கூப்பிட்டீர்கள் என்று ஒரு பெற்றோர் கேட்டார், அதுவும் நியாயமான வருத்தம்தான், நல்ல எண்ணத்தோடு வந்தவர். சமவெளியில், ஊருக்குள், சாலை ஓரத்தில், வெட்டிய காட்டில் நடுங்கள், நானும் வருகிறேன். நூற்றாண்டுகளாகத் தண்ணீரைப் பிடித்து மெல்ல மெல்லக் கசிய விட்டுக்கொண்டிருக்கிற புல்லைத் தோண்டி வேண்டாம்.

அதேபோல், சீகையையும் கற்பூரத்தையும் ஒரே மூச்சில் மொட்டையடித்துவிடுவோம் என்பதிலும் எனக்குப் பயம் இருக்கிறது. சீகையை வெட்டினால் மண்ணில் கிடக்கிற விதை வெயில் பட்டதும் கும்பலாக முளைக்கும், இரண்டாம் ஆண்டு போய்ப் பார்த்தால் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும். வெட்டுவது ஒரு நாள் வேலை, பிறகு ஆண்டுக்கு ஆண்டு குனிந்து நாற்றைப் பிடுங்குவதுதான் நிஜமான வேலை, அதற்குத்தான் ஆளும் காசும் இருப்பதில்லை. இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோப்பின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன, பனியிலிருந்து அதுவே குடை பிடிக்கிறது. அந்த இடங்களை வெட்டாமல் விட்டுப் பொறுத்திருப்பதே நல்லது. சரிவுக்குச் சரிவு பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலை இது, மொத்த மலைக்கும் ஒரே உத்தரவு போட்டுச் செய்ய முடியாது.

கேம்ப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பள்ளத்துச் சோலையின் அடியில், இன்னொரு சின்ன ஊற்று இருக்கிறது. சிறுவயதில் அதை நாங்கள் மதித்ததில்லை, பெரிய ஊற்று இருந்ததால். இப்போது அதுதான் ஓடுகிறது. பாசி படிந்த கல்லின் மேல் நூலாக இறங்குகிறது, கீழே தவளைக் குஞ்சுகள். ஜனவரியிலிருந்து மாதம் ஒரு முறை போய் அளக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு லிட்டர் பாட்டில், கைபேசியில் இருக்கிற விநாடி எண்ணி, ஒரு நோட்டு, அவ்வளவுதான் சாமான். அப்பாவின் பழக்கம், காலை 8 மணிக்கே எடுக்கிறேன். ஜனவரியில் பாட்டில் நிறைய 48 விநாடி ஆனது. பிப்ரவரியில் 1 நிமிடம் 10 விநாடி. மார்ச் அளவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன், பெரியவரும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.